ஐயாவின் வத்தை

அன்பு மகளுக்கு,

இங்கே அம்மாவும் அப்பத்தாவும் நலம். அப்பத்தாவுக்கு முழங்கால் வலிதான் விட்டபாடில்லை. நீ போன் பண்ணும்போதெல்லாம் வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் இருக்கிறாய். இது உன் தாத்தா, நம் ஐயாவின் பாய்மரப் படகான வத்தையைப் பற்றி நின்று நிதானமாகப் பேச வேண்டிய விஷயம். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

போன வாரம் ஒரு வேலையாக ராமநாதபுரம் போனேன். வேலை சீக்கிரம் முடிந்தது, பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. சரி என்று அரண்மனைக்குள் இருக்கிற ராமலிங்க விலாசத்துக்குப் போனேன். அது அருங்காட்சியகம் என்று தெரிந்தும், பள்ளிக்கூடத்தில் கூட்டிப் போனதற்கு அப்புறம் நான் உள்ளே கால் வைக்கவில்லை. சுவரெல்லாம் ஓவியம். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேதுபதி மன்னர் வரைய வைத்தது. தஞ்சாவூர் மராட்டியரோடு நடந்த சண்டை ஒரு பக்கம், ராமாயணம் ஒரு பக்கம். ஓர் இடத்தில் சேதுபதியைப் பார்க்க வந்த வெள்ளைக்காரர்கள் இருக்கிறார்கள். கடல் தாண்டி வந்தவர்களை நம் ஊர் ஓவியன் எப்படிப் பார்த்திருக்கிறான் என்று அதன் முன்னால் வெகுநேரம் நின்றேன்.

நம் அழகன்குளத்தில் தோண்டி எடுத்த பொருட்களும் அங்கே உண்டு. 1980களில் தொடங்கி 2017 வரை பல தடவை தோண்டினார்கள். ரோமானிய நாணயம், ஆம்போரா ஜாடித் துண்டு, எழுத்துப் பொறித்த பானை ஓடு எல்லாம் கிடைத்தன. மழை விட்டதும் கோட்டைமேட்டில் பாசிமணி பொறுக்கி விளையாடினோமே, அந்த மண்தான். ஒரு பானை ஓட்டில் பாய்மரக் கப்பலைக் கீறியிருக்கிறார்கள் தெரியுமா? அதன் படத்தைத் தேடிப் பார். நேரில் கப்பலைப் பார்க்காதவன் கை அப்படிக் கீறாது.

2025-26 பட்ஜெட்டில், பாண்டியர்களின் கடல் வணிகத்தைச் சொல்ல ராமநாதபுரத்தில் 21 கோடி ரூபாயில் 'நாவாய்' அருங்காட்சியகம் அமைப்பதாக அரசு அறிவித்தது. அதைப் படித்த நாளிலிருந்து என் மனது நம் வீட்டுப் பனைமரத்தடியிலேயே இருக்கிறது.

ஐயாவின் வத்தையைத்தான் சொல்கிறேன். போன மாதம் ஒருவர் வந்து விலை கேட்டார். ஏதோ ரிசார்ட் வாசலில் பூச்செடி வைக்க வேண்டுமாம். நல்ல விலைதான் சொன்னார். நான் தரவில்லை. அவர் போன பிறகு போய்த் தடவிப் பார்த்தேன். பலகை முழுக்கச் சொரசொரப்பு. பின்பக்க விளிம்பில் ஓர் இடம் மட்டும், பாயை இழுத்துப் பிடிக்கிற தாமான் கயிறு உராய்ந்து உராய்ந்து, ஒரு விரல் படுக்கிற அளவுக்குப் பள்ளம் விழுந்து வழவழவென்று இருக்கிறது. வாடைக் காற்றிலும் கச்சான் காற்றிலும் ஐயா இழுத்துப் பிடித்த கயிறு அது. அந்தப் பள்ளத்தில் பூச்செடிக்கு ஊற்றுகிற தண்ணீர் தேங்குவதை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

வத்தையை அந்த நாவாய் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிடலாம் என்று நினைக்கிறேன். உன் சம்மதம் வேண்டும். அப்புறம் இன்னொன்றும் வேண்டும். வெறும் மரத்தைக் கொடுத்தால் பார்க்கிறவர்களுக்கு அது ஒரு பழைய படகு, அவ்வளவுதான். அணியம், பருமல், சுக்கான், தாமான் என்று வத்தையின் பாகங்களில் எனக்குப் பெயர் தெரிந்தது கொஞ்சம். நான் கடலுக்கு வரக் கூடாது என்று ஐயா என்னைப் படிக்க அனுப்பிவிட்டார். நீதான் லீவு நாளெல்லாம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, இந்தக் கயிறு எதற்கு, இந்த முடிச்சுக்குப் பெயர் என்ன என்று துளைத்து எடுப்பாய். காற்று ஓங்கினால் குறுக்குப் பலகையின் நுனியில் ஆள் ஏறி உட்கார்ந்து வத்தை சாயாமல் பார்ப்பது எப்படி என்று உனக்குத் திண்ணையில் செய்தே காட்டினார். எனக்குத் தெரியாதது உனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கொஞ்சம் கொஞ்சமாக எழுது. எழுத நேரமில்லை என்றால் போனில் பேசிப் பதிந்து அனுப்பு, நான் எழுதிக்கொள்கிறேன். தப்பாகிவிடுமோ என்று தயங்காதே. அப்பத்தாவிடம் படித்துக் காட்டுகிறேன், அவள் திருத்துவாள். வத்தையின் கிழிந்த பாய்க்கெல்லாம் ஒட்டுப் போட்டுத் தைத்தவள் அவள்தானே.

அன்புடன்,
அப்பா