ஆய்வேட்டுத் தலைப்பில் மட்டும் இருக்கும் கோட்பாடு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கேரளத்தில் 2024இல் தொடங்கிய நான்காண்டுப் பட்டப்படிப்பில், நான்காம் ஆண்டு ஆய்வுப் பிரிவுக்குப் போகும் மாணவர்கள் தாமே ஆய்வேடு எழுத வேண்டும். தமிழ் எடுத்தவர்களும் அதில் உண்டு. முதுகலை ஆய்வேடுகளில் நெடுநாளாகத் தொடரும் ஒரு கோளாறு அவர்களிடமும் ஒட்டிக்கொள்ளக் கூடாது என்பதால் எழுதுகிறோம்.

"பெண்ணிய நோக்கில் இன்னார் நாவல்கள்" என்று தலைப்பு. முதல் இயலில் பெண்ணிய வரலாறு, அடுத்து ஆசிரியர் வாழ்க்கை, பிறகு கதைச் சுருக்கம், அதில் பத்திக்கொரு முறை "இங்குப் பெண்ணடிமை வெளிப்படுகிறது" என்ற வரி. பெண்ணியத்தை எடுத்துவிட்டு மார்க்சியத்தை வைத்தாலும் ஆய்வேடு அப்படியே நிற்கும். கோட்பாடு அங்கே எந்த வேலையும் செய்யவில்லை.

தலைப்பை முடிவுசெய்த பிறகு நூலைப் படிப்பதால்தான் இப்படி ஆகிறது. முதலில் நூலை இரண்டு முறை படிக்க வேண்டும். இரண்டாம் முறை பென்சிலோடு, இடறுகிற இடங்களை மட்டும் குறிக்க வேண்டும்: இந்தப் பாத்திரம் ஏன் பேசுவதே இல்லை, முடிவு ஏன் ஒட்டவில்லை என்பது போல. அந்த இடறலை விளக்கத்தான் கோட்பாடு. அதுவும் முழு இயக்கமாக வேண்டாம், அதிலிருந்து ஒரே ஒரு கருத்து போதும்.

தோப்பில் முகமது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'யை எடுத்துக்கொள்வோம். தென்திருவிதாங்கூர்ப் பேச்சு என்பதால் எங்கள் பக்கத்து மாணவர்களுக்கு அந்நியமில்லாத நாவல். வர்க்கம் என்று மட்டும் தொடங்கினால் ஊரின் செல்வந்தரான முதலாளி ஒடுக்குகிறார், ஊர் ஒடுங்குகிறது என்று இரண்டு பக்கத்தில் பேச்சு தீர்ந்துவிடும். ஆனால் சொத்து கரையும்போதும் முதலாளியின் அதிகாரம் கூடவே கரைந்துவிடுவதில்லை. ஏன்? இதுதான் கேள்வி. இத்தாலிய மார்க்சியச் சிந்தனையாளர் கிராம்ஷி 1929 முதல் 1935 வரை சிறையில் எழுதிய குறிப்பேடுகளில் வரும் மேலாண்மை, அதாவது ஆளப்படுவோரின் இசைவோடு நடக்கும் ஆதிக்கம், இங்கே கைகொடுக்கும். குடும்பப் பெருமையும் மதப் பெரியவரான தங்ஙள் மீதுள்ள அச்சமும் அந்த இசைவை எப்படி உண்டாக்குகின்றன, சுறாப்பீலி (சுறாமீன் துடுப்பு) வியாபாரி அதை எந்தச் சொற்களால் மறுக்கிறார் என்று வரிவரியாகப் பார்க்கலாம். வீட்டுக்குள் பெண்களின் மௌனம் இசைவா, வேறு வழியில்லாமையா என்று கேட்டால் கிராம்ஷி போதாமல் போவார். அந்தப் போதாமையையும் எழுத வேண்டும். நல்ல ஆய்வேட்டை மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டுவது அந்தப் பக்கங்கள்தான்.

சூழலியல் எடுப்பவர்கள் கடற்கரைத் திணையான நெய்தலின் கருப்பொருள்களை, அதாவது அந்நிலத்துக்குரிய பறவை, மரம், தொழில் போன்றவற்றை, பட்டியல் போட்டு நிறுத்திவிடுகிறார்கள். நெய்தலின் உரிப்பொருள், அதாவது அத்திணைக்குரிய உணர்வு, இரங்கல். நாவலில் கடல் இரங்கும் இடமா, பிழைக்கும் இடமா என்று கேட்டுப் பார்த்தால் திணையே கோட்பாடாக வேலை செய்யும். மேலைநாட்டுப் பெயர் கட்டாயமில்லை.

40 பக்க ஆய்வேட்டில் கோட்பாட்டு விளக்கம் 5 பக்கத்தைத் தாண்ட வேண்டாம். கதைச் சுருக்கத்துக்கு அரைப் பக்கம் போதும். மேற்கோள் எவ்வளவு நீளமோ அதைப்போல் இரண்டு மடங்காவது அதன் சொற்களையும் கதைசொல்லியின் நிலையையும் விளக்க வேண்டும். ஆசிரியர் வாழ்க்கைக்குத் தனி இயல் எதற்கு? ஆசிரியனின் மரணம் பற்றி, அதாவது நூலின் பொருளை எழுதியவரின் வாழ்க்கையில் தேடக் கூடாது என்று, பிரெஞ்சுத் திறனாய்வாளர் ரோலான் பார்த் 1967இல் எழுதியதை முன்னுரையில் காட்டிவிட்டு, அடுத்த இயலிலேயே பிறந்த ஊரும் பெற்ற விருதும் வருவது முரண்.

தலைப்புக்கு ஒப்புதல் தரும் முன் துறைகள் ஒரு பக்கத் திட்டம் கேட்டு வாங்க வேண்டும். ஆம் என்றும் இல்லை என்றும் வாதிட இடமுள்ள ஒரு கேள்வி, பயன்படுத்தப்போகும் கருத்து, நூலிலிருந்து பக்க எண்ணோடு மூன்று பகுதிகள் அதில் இருக்கட்டும். மூன்றில் ஒன்றாவது மாணவரின் வாதத்துக்கு எதிராக நிற்கும் பகுதியாக இருக்க வேண்டும். இவை இல்லாத தலைப்பைத் திருப்பி அனுப்ப நெறியாளர்கள் தயங்கக் கூடாது.

இப்படிக்கு,
தமிழ்ப் பாட ஆசிரியர்கள் சிலர்,
பாறசாலை, திருவனந்தபுரம் மாவட்டம்.