பொருள்: வில்லெம்ஸ்டாட் நகர்ச் சுற்றுலாவில் நேர்ந்த குறைபாடுகள், கட்டணத்தைத் திருப்பிக் கோருதல்

பெறுநர்
வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். கரீபியக் கடலில் உள்ள குராசோ தீவின் தலைநகரான வில்லெம்ஸ்டாடில் கடந்த சனிக்கிழமை தாங்கள் நடத்திய முழுநாள் சுற்றுலாவில் நானும் என் தாயாரும் வந்திருந்தோம். அத்தனை தொலைவு இன்னொரு முறை போவது எங்களால் இயலாத காரியம். அதனால்தான் இதை எழுதாமல் விட மனம் வரவில்லை.

தங்கள் நிகழ்ச்சி நிரலில் முதலில் இருந்தது மிக்வே இஸ்ரேல்-இமானுவேல் யூதத் தொழுகைக் கூடம். 1732-இல் கட்டப்பட்டது, உள்ளே தரை முழுவதும் மணல். ஸ்பெயின், போர்ச்சுகல் நாடுகளில் ஒளிந்து வழிபட்ட யூத முன்னோர்கள், காலடி ஓசை வெளியே கேட்காதிருக்க மணல் பரப்பியதன் நினைவு அது என்பார்கள். அந்த மணலில் ஒரு நிமிடம் நிற்க வேண்டும் என்பது என் தாயாரின் நெடுநாள் ஆசை. வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டோம். சனிக்கிழமை யூதர்களின் ஓய்வுநாள். அன்று சுற்றுலாப் பயணிகளுக்கு அனுமதி கிடையாது. இதுகூடத் தெரியாமலா சனிக்கிழமைக்குச் சீட்டு விற்றீர்கள்?

அடுத்து, அரசி எம்மா பாலம். 1888 முதல் இருக்கும் அந்த மிதவைப் பாலம் கப்பல் வந்தால் அப்படியே ஒதுங்கி வழிவிடும். நாங்கள் போனபோதும் ஒதுங்கியது. அதைக் கண்முன்னே பார்த்தது பெரும் மகிழ்ச்சி. ஆனால் தங்கள் வழிகாட்டி உடனே, "பாலம் திறந்துவிட்டது, ஒட்ரோபண்டா போக முடியாது" என்று அறிவித்துவிட்டார். பாலம் இப்படி ஒதுங்கித் திறந்திருக்கும்போது அக்கரையான ஒட்ரோபண்டாவுக்கு இலவசப் படகு ஓடுகிறது. உள்ளூர் மக்கள் காய்கறிப் பைகளோடு அதில் ஏறிப் போவதை நாங்கள் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஹான்டல்ஸ்காடே கரையின் மஞ்சள், நீலம், இளஞ்சிவப்பு வீடுகள் வரிசையாகத் தெரிவது ஒட்ரோபண்டாவிலிருந்துதான். தங்கள் விளம்பரப் படமும் அந்தக் கரையிலிருந்து எடுத்ததே. அந்தக் காட்சியைக் காட்டித்தான் எங்களிடம் பணம் வாங்கினீர்கள். மிச்ச நேரத்தில் இரண்டு மணி நேரம் ஒரு நகைக்கடையில் உட்காரவைத்தார்கள். நிரலில் அந்தக் கடையின் பெயரே இல்லை.

இருவரின் கட்டணத்தில் பாதியை 15 நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும். சனிக்கிழமை நிரலிலிருந்து தொழுகைக் கூடத்தை உடனே நீக்குங்கள். அடுத்த சனிக்கிழமைக்கும் யாரோ பணம் கட்டியிருப்பார்கள். ரசீதையும் தாங்கள் தந்த நிரலையும் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்