டிரெய்லர் இழுக்கும் முன் ஓட்டுநர் கதவைத் திறந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் தென்மேற்குப் பாலைவனங்களில் குடும்பத்தோடு முகாமிடுவது பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான பயணக் கட்டுரையைப் படித்தேன். மணல்மேடுகளையும் இரவு வானத்தையும் கட்டுரையாளர் அனுபவித்து எழுதியிருக்கிறார். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் 11,000 பவுண்டு இழுக்கும், பின்னால் திறந்த தொட்டி உள்ள பிக்கப் ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டால், தங்கும் டிரெய்லரையும் அதற்குப் பின்னால் மணலில் ஓட்டுகிற வண்டியையும் சேர்த்தே இழுத்துச் செல்லலாம் என்ற பொருளில் அதில் வரும் யோசனையை நம்பி யாரும் கிளம்பிவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். அமெரிக்காவில் வேலை பார்க்கும் பிள்ளைகளைப் பார்க்கப் பெற்றோர் வந்து தங்கும் மாதங்களில் இத்தகைய பயணங்களுக்குத் திட்டமிடும் தமிழ்க் குடும்பங்கள் இங்கே ஏராளம். தென் கலிபோர்னியாவில், ரிவர்சைடு பக்கம் வசித்துக்கொண்டு, குளிர்காலம் தோறும் டிரெய்லரோடு பாலைவனத்துக்குப் போய்வருகிறவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடப்படும் 11,000 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 5,000 கிலோ, பொய்க் கணக்கு அல்ல. பெரிய பிக்கப் தயாரிப்பாளர்கள் பின்பற்றும், வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்ஏஇ வகுத்த ஜே2807 என்ற சோதனை முறையின்படியே அது அறிவிக்கப்படுகிறது. அரிசோனாவில் கொலராடோ ஆற்றின் மேலுள்ள டேவிஸ் அணையருகே தொடங்கும் நீண்ட மலையேற்றம்தான் அந்தச் சோதனைக்கு அளவுகோல். குறைந்தது 100 டிகிரி பாரன்ஹீட் வெயிலில், ஏசியை முழு வேகத்தில் ஓடவிட்டு, பாரத்தை இழுத்தபடி மணிக்கு 40 மைலுக்குக் குறையாமல் வண்டி அந்த மேட்டை ஏறி முடிக்க வேண்டும். கடுமையான சோதனைதான். ஆனால் அந்தக் கணக்கில் வண்டிக்குள் இருப்பவர்கள் ஓட்டுநரும் இன்னொருவருமாக இரண்டே பேர்; தலைக்கு 150 பவுண்டு. பின் இருக்கையில் குழந்தைகளும் பாட்டியும் இருப்பதில்லை. பின் தொட்டியில் ஜெனரேட்டரும் குளிர்பெட்டியும் இருப்பதில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது இந்த எண்ணுக்கு அப்படியே பொருந்தும்.

பார்க்க வேண்டிய எண் வேறு இடத்தில் இருக்கிறது. ஓட்டுநர் கதவைத் திறந்தால், கதவு வந்து மூடும் தூணில் டயர் காற்றழுத்தம் அச்சிட்ட சிறிய ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். பயணிகளும் சரக்கும் சேர்ந்து இத்தனை கிலோவை, இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அதில் ஒரு வரி இருக்கும். அதைத்தான் இங்கே பேலோட் என்கிறார்கள். ஒரே மாடலில்கூட வண்டிக்கு வண்டி இது மாறும். தோல் இருக்கை, கண்ணாடிக் கூரை, பெரிய சக்கரம் என்று வசதிகள் கூடக் கூட, வண்டியின் சொந்த எடை ஏறி, இந்த எண் இறங்கும். ஃபோர்டு எஃப்-150, ராம் 1500, செவர்லே சில்வராடோ 1500 போன்ற, குடும்பங்கள் அதிகம் வாங்குகிற பிக்கப்களில், அலங்காரம் மிகுந்த வகைகளை எடுத்துப் பார்த்தால், 1,500 பவுண்டை ஒட்டிய எண்ணைக் காண்பது சாதாரணம்.

டிரெய்லருக்குச் சொந்தச் சக்கரங்கள் இருக்கும்போது அதன் எடைக்கும் பிக்கப்பின் பேலோடுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். டிரெய்லரின் மூக்கு, பிக்கப்பின் பின்முனையில் உள்ள ஹிட்ச் என்ற இணைப்பின் உருண்டையின் மேல் உட்காருகிறது. டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் அந்த இடத்தில் இறங்கினால்தான் அது நேராக ஓடும். அப்படி இறங்கும் எடை முழுவதும் பிக்கப் சுமக்கும் சரக்காகவே கணக்கிடப்படும். சாமான்களோடு 7,000 பவுண்டு வரும் நடுத்தர டிரெய்லர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 13 சதவீதம் என்றால் மூக்கில் 910 பவுண்டு. பாரத்தை முன்சக்கரங்களுக்கும் பகிர்ந்து தரும் ஹிட்ச் அமைப்பின் எடை 90 பவுண்டு என்று வையுங்கள். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் சேர்ந்து 510 பவுண்டு. கூட்டினால் 1,510. குளிர்பெட்டியில் ஒரு தண்ணீர் பாட்டில்கூட வைக்காத நிலையில், 1,500 பவுண்டு பேலோட் உள்ள வண்டி தன் வரம்பைத் தாண்டிவிட்டது. இழுக்கும் திறனிலோ இன்னும் 4,000 பவுண்டு மிச்சம் இருப்பதாகக் கணக்கு சொல்கிறது. இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். நம் வீடுகளில் இட்லி மாவு வாளி, குக்கர், அரிசிப் பை இல்லாமல் யாரும் முகாமுக்குக் கிளம்புவதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்த நிலையில் மணலில் ஓட்டும் வண்டியை எங்கே ஏற்றுவது? நான்கு சக்கர ஏடிவி ஒன்றைப் பிக்கப்பின் பின் தொட்டியில் ஏற்றிக் கட்டிவிடலாம் என்பார்கள். அது 700 பவுண்டு என்றால், பேலோடில் கிட்டத்தட்ட பாதி அதற்கே போய்விடும்; பிறகு டிரெய்லரின் மூக்குக்கு இடமில்லை. இருவர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டும் சைட்-பை-சைட் வண்டிகளில் பெரியவை 1,500 பவுண்டையும் தாண்டும். அவற்றைக் குட்டையான பின் தொட்டியில் ஏற்றுவது பற்றிப் பேசவே வேண்டாம்.

இதற்கென்றே செய்யப்பட்டவை டாய் ஹாலர் என்ற டிரெய்லர்கள். முன்பாதி வீடு, பின்பாதி கராஜ். பின்சுவரைக் கீழே இறக்கினால் அதுவே சாய்தளம். வசதியான ஏற்பாடு என்பதில் சந்தேகமில்லை. ஆனால் எடைக் கணக்கு இதில்தான் மிகவும் சிக்கலாகிறது. வண்டி நிற்கும் இடம் டிரெய்லரின் அச்சுகளுக்குப் பின்னால் அமைவதால், அதை ஏற்றியதும் மூக்கில் இறங்கும் எடை குறையும். அந்தக் குறைவை ஈடுகட்டவே தயாரிப்பாளர்கள் காலி டாய் ஹாலரின் மூக்கைக் கனமாக வைத்துக் கட்டுகிறார்கள். ஆகவே காலியாக இழுத்தால் பிக்கப்பின் பின்பக்கம் அமுங்கும். பின்னால் அளவுக்கு மீறி ஏற்றினால் டிரெய்லர் வாலாட்டும். இதோடு தண்ணீர் வேறு. கலிபோர்னியாவின் தென்கிழக்கு மூலையில் உள்ள இம்பீரியல் மணல்மேடுகள் என்ற, இங்கே எல்லோரும் கிளாமிஸ் என்று அழைக்கும் இடத்தில், மணலோரம் வண்டியை நிறுத்தித் தங்கும் இடங்களில் தண்ணீர்க் குழாய் இணைப்பு கிடையாது. குளிக்க, சமைக்க எல்லாவற்றுக்கும் தொட்டியை நிரப்பிக்கொண்டு போக வேண்டும். 100 கேலன் தண்ணீரின் எடை 834 பவுண்டு, சுமார் 378 கிலோ. போகும்போது அந்த எடை நன்னீர்த் தொட்டியில் இருக்கும். திரும்பும்போது அதில் பெரும்பகுதி கழிவுநீர்த் தொட்டிகளுக்கு இடம் மாறியிருக்கும். ஒரு தொட்டி அச்சுக்கு முன்னாலும் மற்றது பின்னாலும் இருந்தால், போகும்போது ஒழுங்காக வந்த அதே டிரெய்லர் திரும்பும்போது வேறு மாதிரி நடந்துகொள்ளும். வாங்கும்போது சமையலறை அலமாரிகளைத் திறந்து பார்க்கும் நேரத்தில், தொட்டிகள் எந்த இடத்தில் இருக்கின்றன என்று குனிந்து ஒருமுறை பார்ப்பது நல்லது.

வாலாட்டுவது என்று எளிதாகச் சொல்லிவிட்டேன். ரிவர்சைடிலிருந்து வடக்கே பாலைவனத்துக்கு ஏறும் கஹோன் கணவாயில், பாலைவனத்திலிருந்து கடலை நோக்கிப் பலமாக வீசும் சாண்டா ஆனா காற்று குறுக்கே அடிக்கும் நாட்களில், பெரிய லாரி ஒன்று கடந்துபோகும் நொடியில் அது தொடங்கும். டிரெய்லரின் பின்புறம் இடமும் வலமுமாக அசைய, ஒவ்வோர் அசைவும் முந்தையதைவிடப் பெரிதாகி, பிக்கப்பின் பின்சக்கரங்களையே இழுக்கத் தொடங்கும். பதறிப்போய் பிரேக்கை மிதிப்பதும் ஸ்டியரிங்கை எதிர்த்திசையில் திருப்புவதும்தான் முதலில் தோன்றும், இரண்டுமே தவறு. ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, ஓட்டுநரின் கைக்கெட்டும் இடத்தில் உள்ள பிரேக் கன்ட்ரோலரின் நெம்பை அழுத்தி, டிரெய்லரின் பிரேக்கை மட்டும் பிடிக்க வேண்டும். கைக்குத் தானாக வரும்வரை காலி வாகன நிறுத்துமிடத்தில் அந்த நெம்பைத் தொட்டுப் பழகிக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

அடுத்தது, கட்டுரையாளர் சொன்ன மூன்றாவது வண்டி. பிக்கப், அதன் பின்னால் டிரெய்லர், அதற்கும் பின்னால் ஏடிவி ஏற்றிய இன்னொரு சிறு டிரெய்லர் என்ற தொடரை யூட்டாவிலும் அரிசோனாவிலும் சாலைகளில் பார்க்கலாம்; நீளம் உள்ளிட்ட நிபந்தனைகளோடு அந்த மாநிலங்களில் அதற்கு அனுமதி உண்டு. மிச்சிகனில் அதற்கென்று ஓட்டுநர் உரிமத்தில் தனிச் சான்று பெற வேண்டும். கலிபோர்னியாவிலோ சாதாரண சி வகுப்பு உரிமத்தை வைத்துக்கொண்டு ஒன்றுக்கு மேல் இழுக்கவே முடியாது. யூட்டாவின் மோவாபில் பாறைகளில் வண்டி ஓட்டிவிட்டுத் திரும்புகிறவர், அங்கே சட்டப்படி இழுத்துக்கொண்டு புறப்பட்ட அதே தொடரோடு கலிபோர்னிய எல்லையைத் தாண்டினால் சட்டத்தை மீறியவராகிறார். சட்டம் இடம் கொடுக்கும் இடங்களிலும் அந்தத் தொடரைப் பின்னோக்கி ஓட்டுவது நடவாத காரியம்; பெட்ரோல் நிலையத்தில் தவறான வரிசையில் நுழைந்துவிட்டால், கடைசி டிரெய்லரைக் கழற்றிக் கையால் தள்ளித்தான் வெளியேற வேண்டும். இரண்டு என்ன, ஒரே டிரெய்லரை இழுத்தாலும் கலிபோர்னியாவில் வேக வரம்பு மணிக்கு 55 மைல்தான் என்பதையும், மற்ற வண்டிகள் 70 மைலில் பறக்கும் சாலைகளிலும் இது பொருந்தும் என்பதையும் வெளிமாநிலத்திலிருந்து வருகிறவர்கள் பலர் அறிவதில்லை.

மோட்டார்ஹோம் என்ற, வீடும் எஞ்சினும் ஒன்றாய் அமைந்த பெரிய வண்டி வைத்திருப்பவர்கள் ஜீப்பை நான்கு சக்கரமும் தரையில் உருள அப்படியே பின்னால் இழுத்துப் போவதைப் பலரும் கண்டிருப்பார்கள். ஜீப் ராங்ளரில் இதற்கு வழி உண்டு: எஞ்சின் விசையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸை நியூட்ரலில் போட்டுவிட்டால் சக்கரங்கள் சுழன்றாலும் கியர்பாக்ஸ் சுழலாது. அந்த வசதியில்லாத பல ஆல்-வீல் டிரைவ் கார்களை இப்படி இழுத்தால், எஞ்சின் ஓடாமல் எண்ணெய் பாயாத கியர்பாக்ஸ் உள்ளேயே தேய்ந்து பாழாகும். வண்டியோடு வந்த கையேட்டில் அனுமதி இருக்கிறதா என்று பார்க்காமல் இதைச் செய்யவே கூடாது. ஜீப்புக்குள் தனியாக ஒரு பிரேக் கருவியும் பொருத்த வேண்டியிருக்கும்.

என்னைக் கேட்டால், கணவன், மனைவி இருவருக்கும் ஓட்டத் தெரிந்த குடும்பத்துக்கு மிக எளிய வழி, ஒருவர் டிரெய்லரை இழுக்க, மற்றவர் ஜீப்பைத் தனியாக ஓட்டிக்கொண்டு பின்னால் வருவதுதான். கூடுதல் பெட்ரோல் செலவு உண்டு. ஆனால் பெரிய பிக்கப், பெரிய ஹிட்ச், பெரிய டிரெய்லர் என்று ஆயிரக்கணக்கான டாலரைக் கொட்டுவதோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமில்லை. முகாமில் டிரெய்லரை நிறுத்திவிட்டுப் பால் வாங்கவோ, யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால் மருத்துவமனைக்குப் போகவோ ஒரு சிறு வண்டி தயாராக இருப்பதும் பெரிய நிம்மதி. டாய் ஹாலர்தான் வேண்டும் என்கிறவர்கள் 250 அல்லது 2500 என்ற எண் தாங்கிய அடுத்த நிலை பிக்கப்பைப் பார்க்க வேண்டும். டிரெய்லரின் மொத்த எடை வரம்பு 10,000 பவுண்டைத் தாண்டினால் கலிபோர்னியாவில் பொதுவாக வேறு வகுப்பு உரிமமும் தேவைப்படும்.

எதை இழுத்தாலும், எல்லாவற்றையும் ஏற்றி முடித்த பின் ஒருமுறை எடை போட்டுப் பாருங்கள். நெடுஞ்சாலை ஓரத்து லாரி நிறுத்தங்களில் கேட் ஸ்கேல் என்ற எடைமேடைகள் உண்டு. மேடை தனித்தனிப் பகுதிகளாக இருப்பதால், பிக்கப்பின் முன்சக்கரம் ஒன்றிலும் பின்சக்கரம் அடுத்ததிலும் டிரெய்லர் மூன்றாவதிலும் நிற்குமாறு நிறுத்தினால், மூன்று எடைகளும் ஒரே சீட்டில் தனித்தனியாக அச்சாகி வரும். பாரத்தைப் பகிரும் ஹிட்ச்சின் ஸ்பிரிங் கம்பிகளைத் தளர்த்திவிட்டு ஒருமுறை, டிரெய்லரைக் கழற்றிவிட்டுப் பிக்கப்பை மட்டும் இன்னொரு முறை நிறுத்தி எடுத்தால், முதல் சீட்டில் பிக்கப்பின் இரு அச்சுகளும் காட்டிய கூட்டுத்தொகையிலிருந்து இரண்டாவதைக் கழித்து, மூக்கில் எவ்வளவு இறங்குகிறது என்று துல்லியமாகத் தெரிந்துகொள்ளலாம். விற்பனையாளரின் வாய்வார்த்தையைவிட அந்தச் சீட்டுக்கு மதிப்பு அதிகம்.

கடைசியாக, வாடகை பற்றி. விமான நிலையங்களில் கிடைக்கும் வாடகைப் பிக்கப்களின் ஒப்பந்தங்களில் பெரும்பாலானவை எதையும் இழுக்க அனுமதிப்பதில்லை. மீறி இழுத்து விபத்து நேர்ந்தால் காப்பீடும் கைகொடுக்காமல் போகலாம். இழுவைக்கென்றே வண்டி வாடகைக்குத் தரும் இடங்கள் தனியாக இருக்கின்றன. கட்டுரையாளர் கிளாமிஸையும் குறிப்பிட்டிருப்பதால், அக்டோபர் 1 முதல் ஏப்ரல் 15 வரை அங்கே அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும் என்பதையும், மணலில் இறங்கும் வண்டிகள் தரையிலிருந்து 8 அடி உயரத்தில் கொடி கட்டியிருக்க வேண்டும் என்பதையும், வாடகை பற்றிய திருத்தத்தோடு சேர்த்து அடுத்த ஞாயிறு இணைப்பிலேயே வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். நவம்பர் கடைசி வாரத்து நன்றி நவிலல் விடுமுறைக்குப் பல குடும்பங்கள் இப்போதே வண்டி தேடத் தொடங்கியிருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
ரிவர்சைடு, கலிபோர்னியா