மூக்குக்குள் போன பாசிமணியும் ஐந்து பெட்டிக் கோச்சியும்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். மணி இரவு பத்தாகிறது. அம்மாவும் உன் மகள் சின்னவளும் தூங்கிவிட்டார்கள், வெளியே மழை, தகரத்தில் விழுகிற சத்தத்தில் பக்கத்து வீட்டுக் காம்பராவில் ஓடுகிற டிவி கூடக் கேட்கவில்லை. நீ வாங்கிக் கொடுத்த போனில்தான் ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருக்கிறேன், எழுத்துப் பிழை இருந்தால் நீயே திருத்தி வாசித்துக்கொள். வீடியோ கோலில் சொல்லலாம் என்று பார்த்தால் எங்கே முடிகிறது? உன் குரல் கேட்டதும் அவள் ஓடி வந்து போனைப் பிடுங்கிவிடுகிறாள். அப்புறம் பத்து நிமிடமும் நீ பார்ப்பது அவளுடைய ஒரு கண்ணையும் நம் வீட்டுக் கூரையையும்தான்.

முதலில் ஒரு விஷயம். அம்மா வாயிலிருந்து உனக்கு வருவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். போன பௌர்ணமிப் போயாவுக்கு முதல் நாள் சின்னவள் மூக்குக்குள் பாசிமணி போட்டுக்கொண்டாள். பதறாதே, அன்றைக்கே எடுத்தாயிற்று, இப்போது நன்றாக இருக்கிறாள். தப்பு என்னுடையதுதான். மாத்தளைத் தேரில் அம்மா எப்போதோ வாங்கிய மாலை அறுந்து ஒரு தகரப் பேணியில் கிடந்தது. அதை அவளோடு சேர்ந்து கோர்க்கலாம் என்று வாசல் இஸ்தோப்பில் பாய் விரித்து உட்கார்ந்தேன். அவள் ஒன்று எடுத்துக் கொடுப்பாள், நான் கோர்ப்பேன், அப்படிப் பதினைந்து மணி கோர்த்திருப்போம். நூல் சிக்கிக்கொண்டது, குனிந்து அதைப் பிரித்துவிட்டு நிமிர்ந்தால் பிள்ளை ஒற்றை மூக்கைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். "மணி உள்ள போச்சு" என்கிறாள்.

அம்மா மலையில், கொழுந்து பறிக்கப் போயிருந்தாள். நான் ஊக்கை எடுத்து மெதுவாக நோண்டிப் பார்க்கலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தேன், உண்மையைச் சொல்கிறேன். நல்லவேளை, கை நடுங்கியதால் விட்டுவிட்டேன். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே இருந்தவர் சின்ன வயது டொக்டர், உன் வயதுதான் இருக்கும். ஊக்கு, குச்சி என்று எதையாவது விட்டு நோண்டினால் மணி இன்னும் உள்ளேதான் போகும், அப்படிச் செய்யாமல் கொண்டுவந்தது நல்லது என்றார். நான் நினைத்ததை அவரிடம் சொல்லவில்லை.

அப்புறம் ஒரு வேடிக்கை. அவள் பயத்தில் "தாத்தா, தாத்தா" என்று கத்துகிறாள். அங்கே இருந்த நர்ஸ் மிஸ்ஸி சிங்களப் பிள்ளை, என்னை மேலும் கீழும் ஒரு தடவை பார்த்தது. சிங்களத்தில் தாத்தா என்றால் அப்பா அல்லவா. அறுபத்திரண்டு வயதில் எனக்கு இந்த மரியாதை. "சீயா, சீயா" என்று நான் என் நெஞ்சைத் தொட்டுக் காட்டிய பிறகுதான் அது சிரித்தது. டொக்டர் என்னை வாய் கொப்புளித்துவிட்டு வரச் சொன்னார், வெற்றிலை. வந்ததும், மணி இல்லாத பக்கத்து மூக்கை விரலால் அமுக்கிக்கொண்டு, பிள்ளை வாயோடு வாய் வைத்து, பலூன் ஊதுகிற மாதிரி ஒரே ஊது ஊதுங்கள் என்றார். வழக்கமாக இதைத் தாயைக் கொண்டுதான் செய்விப்பார்களாம். தாய் கொழும்பில், அம்மாயி மலையில், அகப்பட்டது தாத்தாதான். முதல் தடவை ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவது தடவை அந்தப் பச்சை மணி சளியோடு தெறித்து என் கன்னத்தில் வந்து ஒட்டியது. அழுதுகொண்டிருந்தவள் அழுகையை நிறுத்திவிட்டு "இன்னொக்கா" என்றாள்.

வெளியே வரும்போது டொக்டர் இரண்டு விஷயம் சொல்லி அனுப்பினார். டொயிலட் பேப்பர் சுருளுக்கு நடுவில் ஒரு மட்டைக் குழாய் இருக்குமாம், அந்தக் குழாய்க்குள் விழுகிற அளவான எந்தச் சாமானையும் மூன்று வயது வரை பிள்ளை கையில் கொடுக்கக் கூடாதாம். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். நம் தோட்டத்து லய வீட்டில் டொயிலட் பேப்பருக்கு எங்கே போவது? வருகிறபோது ஒரு குழாய் கொண்டு வா.

இரண்டாவது, பொத்தான் பற்றரி. காசு மாதிரி வட்டமாக, பளபள என்று இருக்குமே, அது. அதை விழுங்கினாலோ மூக்கில் போட்டுக்கொண்டாலோ இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே சதையைச் சுட்டுப் புண்ணாக்கிவிடுமாம், வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்காமல் அந்த நிமிடமே ஓடி வர வேண்டுமாம். வீட்டுக்கு வந்ததும் நீ அனுப்பிய பேசும் கரடியின் முதுகைத் திறந்து பார்த்தேன். அதே பற்றரி மூன்று. மூடியில் ஆணி கிடையாது, நகத்தால் தள்ளினாலே திறக்கிறது. பற்றரியைக் கழற்றிவிட்டேன். கரடி இப்போது பேசுவதில்லை. அவள் அதைக் கவனித்த மாதிரியும் தெரியவில்லை, அவளே அதற்கும் சேர்த்துப் பேசிக்கொள்கிறாள்.

கோபித்துக்கொள்ளாதே மகள், இனி விளையாட்டுச் சாமான் அனுப்பாதே. மாப்பிள்ளை புறக்கோட்டையில் நாள் முழுக்க நின்று சம்பாதிக்கிற காசு அது. போன தடவை அனுப்பிய காரை அவள் ஒரு நாள் ஓட்டினாள், அது வந்த பெட்டிக்குள் நாலு நாள் குடியிருந்தாள். டெப் வாங்கி அனுப்புகிறேன் என்று சொன்னாயே, அதுவும் வேண்டாம். கிளினிக்கில் மிட்வைஃப் எல்லாத் தாய்மாருக்கும் சொல்கிறார், இரண்டு வயது வரை போனே காட்டாதீர்கள், அதற்குப் பிறகும் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று. எடை பார்க்க வந்த ஏழெட்டுப் பெண்களுக்கு நடுவில் நான் ஒருத்தன்தான் மீசையோடு உட்கார்ந்திருந்தேன். திரிபோஷா சத்துமா கொடுத்தார்கள். தேங்காய்ப்பூவும் சீனியும் சேர்த்து உருண்டை பிடித்துக் கொடுத்தால் தின்கிறாள், எனக்கும் ஒன்று ஊட்டிவிடுகிறாள்.

நாள் முழுக்க என்ன செய்கிறீர்கள் என்று கேட்டாய். அம்மா வேலைக்குப் பெரட்டுக்குப் போனதும் நாங்கள் தொடங்குவோம். முதலில் மா. இரண்டு கோப்பை கோதுமை மாவுக்கு ஒரு கோப்பை உப்பு, ஒரு கோப்பை தண்ணீர் போட்டுப் பிசைந்து பொம்மை செய்து காயவைத்தால் கல் மாதிரி ஆகிவிடும் என்று யாரோ போட்ட வீடியோவில் பார்த்தேன். பார்த்தது நான்தான், அவள் இல்லை. செய்தோம். அந்த வீடியோக்காரர் நம் மலைநாட்டில் ஒரு ஆடி மாதம் இருந்து பார்த்திருக்க வேண்டும். உப்புதான் காற்றில் இருக்கிற ஈரத்தையெல்லாம் இழுக்குமே, வெளியில் மூட்டம் வேறு, மூன்று நாளாகியும் யானை பிசுபிசு என்று கிடந்தது, நாலாம் நாள் தும்பிக்கை விழுந்துவிட்டது. அடுப்புக்கு மேலே மிலாறு விறகு காய்கிற பரணில் தூக்கிப் போட்டேன், புகையில் காய்ந்து கறுப்பு யானையாக வந்தது. அது பரவாயில்லை. ஆனால் அவள் மாவைப் பிய்த்து வாயில் போடப் பார்த்தாள், அவ்வளவு உப்பு அந்தச் சின்ன உடம்புக்குள் போனால் என்ன ஆகும்? அதோடு உப்பு மாவை விட்டுவிட்டோம்.

இப்போது வெறும் ரொட்டி மாதான். அதற்கும் அம்மாவிடம் ஏச்சு. "தின்கிற மாவில் என்ன விளையாட்டு, 2022இல பால்மாவுக்கு வரிசையில நின்னது மறந்துபோச்சா" என்று கேட்டாள். எப்படி மறக்கும், நானும்தான் கால் கடுக்க நின்றேன். அதனால் ஒரு வழி செய்தோம். அவள் பிடிக்கிறதையெல்லாம் அப்படியே தட்டிக் கல்லில் போட்டுவிடுவேன். நேற்று வாத்து ரொட்டி, ஒரு கால் கருகிப்போனது. அதற்கு முதல் நாள் ஏதோ ஒன்று, அவள் "அம்மா" என்றாள், எனக்குப் பார்க்க உருளைக்கிழங்கு மாதிரி இருந்தது. இடிச்ச சம்பலோடு அம்மாவைத் தின்று முடித்தோம்.

சாயத்துக்கு பீட்ரூட்டும் மஞ்சளும். வெண்டிக்காயைக் காம்புப் பக்கம் வெட்டி, பீட்ரூட் சாற்றில் தோய்த்துப் பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் குத்தினால் ஐந்து இதழ்ப் பூ விழும். ஒரு தாள் முழுக்கக் குத்திவிட்டு என் கையிலும் குத்தினாள். அன்றைக்கு மஞ்சள் கரைத்த பேணியைத் தன் வெள்ளைச் சட்டையிலேயே கவிழ்த்துக்கொண்டாள். தண்ணீர்ப் பீலிக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சவர்க்காரம் போட்டதும் அந்த மஞ்சள் கறை சட்டென்று செக்கச் சிவப்பாகிவிட்டது. சவர்க்காரத்திலும் சுண்ணாம்பு மாதிரி ஒரு காரம் இருக்கிறது, ஆரத்தித் தண்ணீர் சிவக்கிற அதே கதைதான். அவளுக்கு அது தெரியுமா? கையை இழுத்துக்கொண்டு "ரத்தம் தாத்தா, சட்டைக்கு வலிக்குது" என்று உதட்டைப் பிதுக்கினாள். நான் தண்ணீரை ஊற்ற ஊற்றச் சிவப்பு இறங்கி மறுபடி மஞ்சளானது. அவள் சட்டையை ஒரு ஊது ஊதிவிட்டு, "சுகமாச்சு" என்றாள். கறை முழுசாகப் போகவில்லை, நாலு வெயிலில் காய்ந்தால் மஞ்சள் தானாக வெளுக்கும். நாலு வெயில் எப்போது அடிக்கும் என்பதுதான் தெரியவில்லை.

பாசிமணிக்குப் பதிலாக இப்போது பூசணி இலைத் தண்டு. மேலே இருக்கிற சுணையைத் துணியால் தேய்த்து எடுத்துவிட்டு, அவளுடைய உள்ளங்கை நீளத்துக்கு வெட்டிக் கொடுத்தால் உள்ளே குழாய்தானே, சப்பாத்து நாடாவில் அவளே கோர்க்கிறாள். ஒன்றைக் கோர்க்க ஐந்து நிமிடம் எடுக்கும். நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு செய்கிறாள், நீ எழுதப் பழகினபோது அப்படித்தான் நாக்கை நீட்டுவாய் என்று அம்மா சொல்கிறாள். எனக்கு ஞாபகம் இல்லை.

உண்மையில் உன் சின்ன வயதில் எதுவுமே எனக்கு ஞாபகம் இல்லை. நான் தேயிலை ஃபெக்டரி ஸ்டோரில் இருந்தேன். கொழுந்து கூடின மாதங்களில் இரவு வேலை, விடிய வந்து விழுந்து தூங்குவேன், நீ பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக்காம்பராவுக்குப் போயிருப்பாய். நீ வரும்போது நான் மறுபடி ஸ்டோருக்குப் புறப்பட்டிருப்பேன். உடம்பெல்லாம் தேயிலைத் தூள், என்னைக் கட்டிப்பிடித்தால் நீ தும்முவாய். இது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

இப்போது பெரிய வேலை ரயில் கோச்சிதான். அங்கர் பால்மாப் பெட்டி என்ஜின், சப்பாத்துப் பெட்டி சிங்கமலைச் சுரங்கம். உண்மையான சுரங்கம் அரைக் கிலோமீற்றருக்கு மேல் நீளம், நம்முடையது ஒரு முழம். பொடி மெனிக்கே ரயில் கூவுகிற சத்தம் கேட்டால் இவளும் தன் கோச்சியைத் தள்ளிக்கொண்டு ஓடுகிறாள். "அட்டன், கொட்டலை, தலவாக்கலை" என்று வரிசையாகச் சொல்வாள், வட்டகொடையில் வண்டி நின்றுவிடும், அதற்கு மேல் பேர் வராது. முதலாவது கோச்சியை மாப்பசை காய்ச்சி ஒட்டியிருந்தேன். இஸ்தோப்பில் வைத்துவிட்டுத் தூங்கினோம், விடியப் பார்த்தால் எலி பசை இருந்த இடமெல்லாம் கடித்துவிட்டது, சக்கரம் ஒன்றுகூட மிச்சமில்லை. இவள் அழவில்லை, "எலி கோச்சில ஏறிப் போச்சு" என்று லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

அன்றைக்கு இரவு அம்மாதான் சொன்னாள். உனக்கு ஐந்து வயது இருக்கும்போது நெருப்புப் பெட்டியில் கோச்சி செய்து தரச் சொல்லி என் பின்னால் சுற்றினாயாம். ஐந்து பெட்டி வேண்டும் என்று கணக்குக்கூடச் சொன்னாயாம், வீட்டில் அப்போது பாட்டியோடு சேர்த்து ஐந்து பேர். நான் நாளைக்கு, நாளைக்கு என்றேனாம். வெறும் நெருப்புப் பெட்டிகளை நீ தலையணைக்குக் கீழே சேர்த்து வைத்திருந்தாயாம். அம்மா இதை ஏன் இருபத்தைந்து வருடம் கழித்துச் சொன்னாளோ தெரியாது. கேட்டால், "இப்பத்தானே நீங்க வீட்டில இருக்கீங்க" என்கிறாள்.

சரி, நேரமாகிவிட்டது. சனிக்கிழமை வருகிறாய்தானே, அட்டனில் இறங்கும்போது மெசேஜ் போடு, அவளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்து நிற்கிறேன். வெறும் மட்டைப் பெட்டி கிடைத்தால் மடித்துக் கொண்டு வா, மாப்பிள்ளை கடையில் நிறையக் கிடக்கும். அந்தக் குழாயை மறக்காதே. பைண்டர் கம் ஒரு போத்தல், அதை எலி தின்னாது என்று கடைக்காரர் சொல்கிறார், பார்ப்போம். நெருப்புப் பெட்டி வேண்டாம், நாலு பெட்டி செய்து அலுமாரிக்கு மேலே அவள் கைக்கு எட்டாத இடத்தில் வைத்திருக்கிறேன், ஐந்தாவதுக்குக் குச்சி இன்னும் தீரவில்லை. அது அவளுக்கு இல்லை. உனக்கு முப்பது வயதாகப் போகிறது, வைத்துக்கொண்டு என்ன செய்வாயோ தெரியாது, வேலை செய்கிற இடத்தில் மேசையில் வை.

அப்பா