ஆனேக்கல் லிங்க் 7 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுவது ஏன்? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

பெங்களூர் பொம்மனஹள்ளி மாடியிலிருந்து ஆனேக்கல் டவருக்கு உங்கள் இணையத்தைச் சுமந்து போகும் நம் வயர்லெஸ் லிங்க் இத்தனை நாளும் 5 கிகாஹெர்ட்ஸில் ஓடியது உங்களுக்குத் தெரியும். ராத்திரி எட்டு மணி ஆனால் வீடியோ சுற்றிக்கொண்டே நிற்கிறது என்று போன் செய்யாதவர்கள் குறைவு. அந்த அலைவரிசைப் பட்டையின் பெரும்பகுதிக்கு 2018 முதல் உரிமம் தேவையில்லை. யார் வேண்டுமானாலும் போடலாம். அடுத்தவர் சிக்னல் குறுக்கே வந்தால் முறையிட வழியில்லை. ஓசூர் ரோடு நெடுக அடுக்குமாடி வீடுகளின் வைஃபையில் பெரும்பகுதி இன்று அதே பட்டையில்தான் இருக்கிறது.

அதனால்தான் தொலைத்தொடர்புத் துறையில் அலைவரிசை ஒதுக்கும் டபிள்யூபிசி பிரிவில் விண்ணப்பித்து, 7 கிகாஹெர்ட்ஸில் நமக்கென்று ஒரு ஜோடி அலைவரிசை வாங்கியிருக்கிறோம். போக ஒன்று, வர ஒன்று. இனி யாராவது குறுக்கிட்டால் கேட்க நமக்கு உரிமை உண்டு.

இப்போது வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் அந்தச் செய்திக்கு வருகிறேன். “18 கிகாஹெர்ட்ஸ் போட்டால் இன்னும் வேகம் கிடைக்கும், காசை மிச்சம் பிடிக்கப் பழைய பட்டையை நம் தலையில் கட்டுகிறார்கள்” என்று எழுதியிருக்கிறார்கள். படித்ததும் மனசு ரொம்பவே கஷ்டப்பட்டது. ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

18-இல் அகலமான சேனல் கிடைக்கும், வேகமும் கூடும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நம் லிங்கின் நீளம் 22 கிலோமீட்டர். 10 கிகாஹெர்ட்ஸைத் தாண்டினால் மழைதான் எதிரி. அலைநீளம் குறையக் குறைய மழைத்துளி சிக்னலை அதிகம் விழுங்கும். மணிக்கு 100 மில்லிமீட்டர் வேகத்தில் கொட்டும் மழையில் 18 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சுமார் 8 டெசிபெல் இழக்கும் (10 டெசிபெல் போனால் சிக்னலில் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும்). 7-இல் அந்த இழப்பு 2 டெசிபெல்லுக்கும் கீழே. பாதையில் ஐந்து கிலோமீட்டருக்கு அப்படி மழை பிடித்தால் 18-இல் 40 டெசிபெல் போய்விடும். அதாவது பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் வந்து சேரும். 7-இல் பத்தில் ஒரு பங்காவது மிஞ்சும். ரேடியோ வேகத்தைக் கொஞ்சம் இறக்கிக்கொண்டு லிங்க்கைக் கைவிடாமல் வைத்திருக்கும். செப்டம்பர், அக்டோபர் சாயங்கால மழை எப்படி இருக்கும் என்று பெங்களூருக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? 80 கிகாஹெர்ட்ஸ் கேட்டவர்களுக்கும் இதே பதில்தான். இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு அது அருமை, ஆனேக்கலுக்கு ஆகாது.

காசு மிச்சம் என்பதும் சரியில்லை. 18-க்கு இரண்டடி டிஷ் தரும் பலனை 7-இல் பெற ஏறக்குறைய ஐந்தடி டிஷ் வேண்டும். டிஷ் பெரிசானால் காற்று தள்ளுவதும் அதிகம், டவரையும் பலப்படுத்த வேண்டியிருந்தது. இரண்டு டிஷ்ஷும் ஒன்றையொன்று மறைப்பின்றிப் பார்த்தால் மட்டும் போதாது. பாதையின் நடுவில் சிக்னல் எல்லாப் பக்கமும் 15 மீட்டர் வரை பரந்து போகும், அதில் பெரும்பகுதி காலியாக இருக்க வேண்டும். வழியில் ஒரு தைலத்தோப்பு வளர்ந்து நிற்கிறது. அதைத் தாண்டத்தான் ஆனேக்கல் பக்கம் டவரை உயர்த்தினோம். டிஷ் திசை வைத்த அன்று எங்கள் பையன் மேலே ஸ்பேனரோடு போல்ட்டைக் கால் சுற்று திருப்புவான், கீழே நான் மீட்டரைப் பார்த்து சிக்னல் பலத்தின் எண்ணைக் கத்திச் சொல்வேன். அது பூஜ்யத்தை நெருங்க நெருங்க பலம் கூடுகிறது என்று அர்த்தம். மைனஸ் 58-இல் தொடங்கி மைனஸ் 41-க்கு வந்த பிறகுதான் அவனை இறங்கவிட்டேன்.

அலைவரிசைக்குத் தூரம், சேனல் அகலம் பார்த்து ஆண்டுதோறும் ராயல்டி கட்ட வேண்டும். அதை ஈடுகட்ட அடுத்த மாதம் முதல் கட்டணம் மாதம் 120 ரூபாய் கூடுகிறது, 18 சதவீத ஜிஎஸ்டி தனி. ஆண்டுச் சந்தா முன்கூட்டியே கட்டியவர்களுக்கும் சேர்த்துத்தான்.

இத்தனை தடங்கலிலும் வேறு கம்பெனிக்குப் போகாமல், “சரி பண்ணுங்க அண்ணா, காத்திருக்கோம்” என்று சொன்ன ஒவ்வொரு குடும்பத்துக்கும், பட்டறைக்கும் மனமார்ந்த நன்றி. உங்களை நம்பித்தான் இந்தச் செலவில் இறங்கினோம்.

புதிய லிங்க்குக்கு மாறுவதால் வரும் ஞாயிறு அதிகாலை 2 முதல் 6 மணி வரை இணைப்பு இருக்காது. வீட்டு ரவுட்டரில் நீங்கள் எதையும் மாற்ற வேண்டாம். ஜிகணி, சந்தாபுரா இணைப்புகள் ஃபைபரில் வருவதால் அங்கே தடங்கல் இல்லை.

அன்புடன்,
உரிமையாளர்