அன்னாசித் தோலைக் கால்வாயில் கொட்டும் பட்டறைக்காரர்களுக்கு

பர்மாவில் பெகு, ரங்கூன் பக்கம் பழ வற்றலும் ஜாமும் ஜூஸும் போடுகிற முதலாளிமாருக்கு, பால்மாடு வைத்துப் பிழைக்கும் ஒருவனின் வணக்கம்.

ஒரு அன்னாசியைக் கொண்டை, தோல், நடுத்தண்டு எல்லாம் நீக்கி எடுத்தால் எடையில் ஏறக்குறைய பாதி கழிவாகப் போய்விடும். அது உங்களுக்குத் தெரிந்ததுதான். அந்தப் பாதியில் இன்னும் சர்க்கரை நிறைய இருக்கிறது. எனக்கு வேண்டியது அந்தச் சர்க்கரை.

எங்கள் தீவனக் கஷ்டம் மாசியிலிருந்து சித்திரை வரைக்கும். பர்மியப் புத்தாண்டான திஞ்சானுக்குத் தண்ணீர் ஊற்றுகிற நாளில் வரப்பில் ஒரு பச்சை இராது. வைக்கோல்தான் கதி. அதில் புரதமும் சொற்பம், இனிப்பும் கிடையாது. வைக்கோலைத் தனியாக மூடிவைத்துப் புளிக்கவைக்கலாம் என்றாலும் ஒழுங்காகப் புளிக்காது. உங்கள் தோல் வருவதோ கோடைக் கடைசியிலும் மழை தொடக்கத்திலும். அப்போது புல் இருக்கிறது. அதனால் தோலைச் சேமித்து வைக்க வழி வேண்டும்.

வழி சைலேஜ். என் வீட்டுக்காரி மாட்டு ஊறுகாய் என்பாள். லபெத் என்கிற பர்மிய ஊறுகாய்த் தேயிலையை அமுக்கிக் காற்றுப் போகாமல் புளிக்கவைக்கிறார்கள் அல்லவா, ஏறக்குறைய அதே வித்தைதான். தோலின் சர்க்கரையை லாக்டிக் அமில பாக்டீரியா புளிப்பாக மாற்றும். புளிப்பு ஏறியபின், காற்றுப் படாதவரை, மற்ற கிருமி பெரும்பாலும் தலைகாட்டாது. தோலில் 85 சதவீதம் தண்ணீர். தோல் மட்டும் போட்டால் ஒழுகி நாறும். 4 வீசை தோலுக்கு 1 வீசை காய்ந்த வைக்கோலை விரற்கடை நீளத்துக்கு நறுக்கிக் கலந்தால் ஈரம் சுமார் 70 சதவீதத்துக்கு இறங்கிவிடும். கையில் பிழிந்தால் உள்ளங்கை நனைய வேண்டும், சொட்டக் கூடாது. நீல ட்ரம்மில் போட்டு மிதித்து, பிளாஸ்டிக் விரித்து, கல் ஏற்றி மூன்று வாரம் விட்டுவிடுவேன்.

முதல் ட்ரம்மைத் திறந்த நாளில் எங்கள் கருப்பி மோந்து பார்த்துவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டாள். மறுநாள் வைக்கோலோடு ஒரு பிடி கலந்து வைத்தேன். நாலாம் நாள் வாளிக்குள் தலையை விட்டு எடுக்கவில்லை. அதற்காக அள்ளிப் போட்டால் புளிப்பு தாங்காது, சாணி தளர்ந்துவிடும். எள்ளுப் பிண்ணாக்கோ கடலைப் பிண்ணாக்கோ கூடவே வேண்டும். இந்த ஊறுகாயால் புரதக் குறை தீராது.

இப்போது வருத்தத்தைச் சொல்கிறேன். போன வருடம் ஒரு பட்டறையிலிருந்து மூன்று மூட்டை எடுத்துவந்தேன். பேர் வேண்டாம், நல்ல மனுஷர். கொட்டிப் பிரித்தால் ரப்பர் வளையம், பிளாஸ்டிக் பை, உடைந்த கத்திமுனை ஒன்று. மாடு பொறுக்கிப் பார்த்துத் தின்கிற ஜீவன் இல்லை, நாக்கில் பட்டதை இழுத்து விழுங்கிவிடும். வயிற்றுக்குள் போன இரும்பு குத்திக்கொண்டு இதயம் வரைக்கும் போகக்கூடும். இன்னொரு மூட்டை இரண்டு நாள் கட்டிவைத்தது; நுரைத்து, கள் வாடை அடித்தது. அதைப் போட்ட ட்ரம்மில் மேல் ஒரு சாண் பச்சைப் பூஞ்சை. பூஞ்சை விஷம் தீவனத்தின் வழியே பாலில் இறங்கலாம், அந்தப் பாலை உங்கள் பிள்ளையும் குடிக்கலாம். முழு ட்ரம்மையும் குழியில் தள்ளினேன்.

கால்வாயில் கொட்டுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: அந்தச் சாறு அழுகும்போது தண்ணீரில் உள்ள பிராணவாயுவைத் தின்றுவிடுகிறது. மீன் செத்து மிதப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

நான் இனாமாகக் கேட்கவில்லை. மூட்டைக்கு ஒரு விலை பேசிக்கொள்ளலாம். தோலுக்கென்று தனியாக ஒரு கூடை வையுங்கள், வெட்டுகிற பெண்களிடம் வேறெதையும் அதில் போட வேண்டாம் என்று சொல்லுங்கள். மூட்டை வாயைக் கட்ட வேண்டாம். வெட்டிய அன்றே, சாயந்திரப் பால் கறந்து ஊற்றிவிட்டு ஆறு மணிக்கெல்லாம் வண்டியோடு வந்துவிடுவேன். மாம்பழ சீசனுக்கும் இதே ஏற்பாடு. கொட்டையை மட்டும் தனியே ஒதுக்கிவிடுங்கள்.