காலைப் பாருங்கள், கம்பை அப்புறம் பார்க்கலாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் 'தி 36த் சேம்பர் ஆஃப் ஷாவோலின்' என்ற பழைய குங்ஃபூ படத்தைப் பற்றி வாசகர்கள் எழுதிய கருத்துகளை ஒரு முழுப் பக்கத்துக்கு வெளியிட்டிருந்தீர்கள். சீனாவின் ஷாவோலின் பௌத்த மடத்தில் சேரும் ஓர் இளைஞன், அறைக்கு ஒரு பயிற்சியாகச் சண்டைக் கலையைக் கற்றுத் தேறும் கதை அது. 1978-ல் ஹாங்காங்கின் ஷா பிரதர்ஸ் எடுத்த அந்தப் படத்தைப் பற்றி டெல்டா மாவட்டங்களில் இத்தனை பேர் இன்னும் சண்டை போட்டுக்கொள்வது மகிழ்ச்சிதான். ஆனால், பாராட்டியவர்கள் ஒன்றைப் பார்த்துப் பாராட்டியிருக்கிறார்கள். திட்டியவர்கள் பார்க்காமலே திட்டியிருக்கிறார்கள். கும்பகோணத்துக்கும் மன்னார்குடிக்கும் இடைப்பட்ட ஊர்களில் சிலம்பமும் குத்துவரிசையும் கற்றுத்தரும் நாங்கள் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம்.

"நடுவில் ஒரு மணி நேரம் தண்ணீர் தூக்குவதும் மணி அடிப்பதும்தான், சண்டையே இல்லை" என்பது பலருடைய குறை. அந்த ஒரு மணி நேரம்தான் படமே. சிலம்பக் களத்திலும் இதே குறையைக் கேட்கலாம்: பிள்ளையைச் சேர்த்துவிட்ட பெற்றோர் இரண்டாவது வாரமே "எப்பங்க கம்பு கையில குடுப்பீங்க?" என்பார்கள். சுவடு, அதாவது காலடி வைப்பு, பழகாமல் கம்பு சுற்ற விட்டால் பையன் மூன்று மாதத்தில் அழகாகச் சுற்றுவான். எதிரே ஒருவர் நின்று ஓர் அடி உள்ளே வந்தால் கால் பின்னிக்கொண்டு உட்கார்ந்துவிடுவான்.

படத்தில் வரும் பயிற்சி அறைகள் இதே கணக்கில்தான் அடுக்கப்பட்டிருக்கின்றன. வாளிக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். கைகளை இரு பக்கமும் நீட்டித் தண்ணீர் வாளியைத் தூக்கி நடக்க வேண்டும். மேற்கையில் கட்டிய கத்தி விலாவை நோக்கி நிற்கும். கை தாழ்ந்தால் குத்தும். பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிவது கத்தி. உண்மையில் வேலை நடப்பது தோள்பட்டையில். தோள் தளர்ந்தவனின் முழங்கை விலாவோடு ஒட்டிக்கொள்ளும். முழங்கை ஒட்டியவனால் கம்பைத் தலைக்கு மேல் கொண்டுபோக முடியாது. அதற்காக வீட்டில் வாளியோடு கிளம்பிவிட வேண்டாம். 5 லிட்டர் தண்ணீர் என்றால் 5 கிலோ. கையை நேராக நீட்டி அதைப் பிடிக்கப் பழக்கமில்லாதவரால் அரை நிமிடம்கூட ஆகாது. அதற்குள் தோளைக் காதுவரை ஏற்றிக்கொண்டு கழுத்தைப் பிடித்துக்கொள்வார். கைக்கு ஒரு லிட்டர் பாட்டில், முப்பது எண்ணும் வரை, தோள் ஏறாமல் பிடித்தால் முதல் மாதத்துக்குப் போதும்.

மணி அடிக்கும் அறை இன்னும் நுட்பமானது. நீண்ட கழியின் முனையில் கனம், பிடிப்பது எதிர்முனையை, தாளம் தப்பாமல் மணியை அடிக்க வேண்டும். தாளம்தான் அதில் வில்லங்கம். கனத்தை ஒருமுறை தூக்குவதற்கு முரட்டு பலம் போதும். குறித்த நேரத்தில் மறுபடி மறுபடி தூக்கி நிறுத்த மணிக்கட்டும் முன்கையும் பழக வேண்டும். அடுத்து, முகத்தின் இரு பக்கமும் ஊதுபத்தி எரிய, தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் ஓட்டும் அறை. இதைச் சிரிப்புக் காட்சி என்று ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். கம்பு நுனி பறக்கும் வேகத்தில் நுனியைப் பார்த்துத் தடுக்க எவராலும் முடியாது. எதிராளியின் மார்பில் கண்ணை நிறுத்தி, தோள் எந்தப் பக்கம் அசைகிறது என்று ஓரக்கண்ணால் பிடிக்க வேண்டும். தலை திரும்பினால் உடம்பு திரும்பும், உடம்பு திரும்பினால் கால் மாறும். இதைச் சொல்லிப் புரியவைக்க எங்களுக்கு ஒரு மாதம் ஆகிறது. படம் இரண்டு ஊதுபத்தியில் முடித்துவிட்டது.

இயக்குநர் லாவ் கார் லியுங் வெறும் சினிமாக்காரர் அல்லர். அவருடைய தந்தை லாவ் சாம், லாம் சாய் விங்கின் மாணவர். லாம் சாய் விங், புகழ்பெற்ற சண்டைக் கலை ஆசான் வோங் ஃபெய் ஹுங்கின் மாணவர். நாயகனாக நடித்த கார்டன் லியூவும் அந்தக் குடும்பத்தில் வளர்ப்பு மகனாகச் சேர்ந்து அதே ஹுங் கார் மரபைப் பயின்றவர். தெற்குச் சீனத்தின் அந்தப் பாணியில் நிலை மிகத் தாழ்வு: பாதங்கள் தோள் அகலத்தைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு விரிந்து, தொடை தரைக்கு இணையாக இறங்கும். காலைத் தரையில் ஊன்றிவிட்டுக் கை பேசும் பாணி அது.

"சண்டை டான்ஸ் மாதிரி இருக்கு" என்ற குறைக்குப் பதில் இதில்தான் இருக்கிறது. இன்றைய படங்களில் ஓர் அடிக்கு மூன்று வெட்டு. அடி விழுந்ததாக நம்மை நம்பவைப்பது படத்தொகுப்பாளர். லாவ் எட்டு, பத்து அசைவுகளை ஒரே ஷாட்டில், தலை முதல் கால் வரை தெரிய எடுக்கிறார். இருவரும் வரிசையை மனப்பாடம் செய்து செய்கிறார்கள் என்பது தெரியத்தான் செய்யும். சிலம்பத்தில் ஆசானும் மாணவரும் செய்து காட்டும் அடிவரிசையும் அப்படித்தான். எவன் அடுத்த அடியை யோசிக்கிறான், எவன் காலை முதலில் வைத்துவிட்டுக் கையை விடுகிறான் என்று பாருங்கள். மறைக்க இடமில்லை.

ஓர் ஒளிவு மட்டும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறோம். அக்காலச் சண்டைப் படங்களில் கேமராவை நொடிக்கு 24 சட்டத்துக்கு (ஃப்ரேம்) பதில் 22 அல்லது 20 சட்டத்தில் ஓட்டிப் படம் பிடிப்பது வழக்கம். திரையில் 24-ல் ஓடும்போது வேகம் முதலாவதில் சுமார் 9 சதவீதம், இரண்டாவதில் 20 சதவீதம் கூடும். கண்டுபிடிக்க ஒரு வழி: கையைப் பார்க்காதீர்கள், தளர்ந்த அங்கியின் நுனியையும் காலடியில் எழும் புழுதியையும் பாருங்கள். துணி வெடுக்கென்று அடங்கினால் அந்த ஷாட்டில் வேகம் கூட்டியிருக்கிறார்கள். புழுதி எந்த வாத்தியாரிடமும் பயின்றதில்லை.

இப்போது, எங்களை எழுத வைத்த விஷயம். "ஒரு ஆள்தான் தெரிகிறான், எவனை அடிக்கிறான் என்றே தெரியவில்லை" என்று இருவர் எழுதியிருக்கிறார்கள். அது படத்தின் குறையே அல்ல, பிரதியின் குறை. ஷா பிரதர்ஸ் இதை எடுத்தது ஷாஸ்கோப்பில், அதாவது நம் சினிமாஸ்கோப் அளவு: உயரம் ஒரு பங்கென்றால் அகலம் 2.35 பங்கு. (தமிழில் அந்த அகலத்தில் முதலில் வந்தது 1973-ன் 'ராஜராஜ சோழன்' என்பதால் தஞ்சாவூர்க்காரர்களுக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை.) பழைய சதுர டிவிக்காகப் பக்கங்களை வெட்டிய பிரதியில் மிஞ்சுவது 57 சதவீதம்தான். நீளக் கம்போடு இருவர் மோதும் காட்சியில் வெட்டுப்படுவது பாதிச் சண்டை. அகலமான புது டிவியிலும் கறுப்புப் பட்டை பிடிக்கவில்லை என்று ஜூம் வைத்தால் நாலில் ஒரு பங்கு போகும். கைபேசியில் இரு விரலால் இழுத்துத் திரையை நிரப்புவதும் அதே தப்பு. மேலும் கீழும் கறுப்புப் பட்டை இருந்தால் சரியான பிரதி என்று பொருள்; அதை அப்படியே விட்டுவிடுங்கள். அடுத்த முறை இப்படிப் பழைய படத்தைப் பற்றி எழுதும்போது இந்த ஒரு வரியையும் சேர்த்துப் போட்டால் புண்ணியமாகப் போகும்.

வாய் அசைவு ஒட்டவில்லை என்பதற்குத் தமிழ் டப்பிங்கை மட்டும் திட்டிப் பயனில்லை. ஷா பிரதர்ஸ் ஒலியில்லாமல் படம்பிடித்துப் பிறகே குரல் சேர்த்தது. மாண்டரின் மூலப் பிரதியிலேயே பல இடங்களில் வாய் ஒட்டாது. அடிச் சத்தமும் அப்படிச் சேர்த்ததுதான். மூங்கில் கம்பு வேகமாகச் சுற்றும்போது வரும் 'விர்ர்' ஒலி மட்டும் பெரும் பொய்யில்லை.

படத்தின் உச்சம் இறுதிச் சண்டை அல்ல என்பது எங்கள் கட்சி. நாயகன் சான் தே, இரட்டைக் குறுவாள் ஏந்திய மூத்த துறவியிடம் (லீ ஹாய் சாங்) திரும்பத் திரும்பத் தோற்கும் காட்சிகள்தான் உச்சம். ஏன் தோற்கிறான் என்று யாரும் எழுதவில்லை. நீளக் கம்பின் பலமே தூரம். குறுவாள்காரர் இரண்டு வாளையும் குறுக்கே பின்னி ஒரே ஓர் அடியைத் தடுத்துவிட்டு, தடுத்த கையோடு உள்ளே புகுந்துவிடுகிறார். உள்ளே வந்தபின் கம்பு வெறும் விறகு. நம் சிலம்பத்தில் மான்கொம்பு என்ற குறு ஆயுதத்தை ஏந்தியவர் கம்புக்காரரிடம் செய்வதும் இதுதான். பிறகு சான் தே, ஒன்றோடொன்று கோத்த மூன்று துண்டுக் கோலோடு வருகிறான். அதை வாளால் தடுத்தால் நடுத்துண்டு நிற்கும், கடைசித் துண்டு நிற்காது. தடுப்பைச் சுற்றிக்கொண்டு முதுகுப் பக்கம் போய் விழும். நெருங்கி வந்துவிட்டால் இரு முனைத் துண்டுகளையும் கைக்கொன்றாகப் பிடித்துக் குறுங்கம்பாக்கிக்கொள்ளலாம். எதிராளியின் பலம் எதுவோ அதற்கென்றே செய்த ஆயுதம். அந்தக் கோலைச் சான் தேதான் கண்டுபிடித்தான் என்பது மட்டும் கதை. சீன மரபில் அதைச் சோங் வம்சத்தின் முதல் பேரரசர் பெயரோடு சேர்த்துச் சொல்லும் வழக்கும் உண்டு.

கம்பைப் பற்றியும் ஒரு வாசகர் கேட்டிருந்தார்: அவர்கள் கம்பு வளைகிறதே, நம்முடையது ஏன் வளைவதில்லை? சீனர்களின் கம்பு 'பைலா' எனும் மரம். வெண்மெழுகுப் பூச்சி வளர்ப்பது அதில்தான். அடி தடித்து நுனி மெலிந்திருக்கும். அடியைப் பிடித்து உதறினால் நுனி சவுக்குப்போல் துள்ளும். தெற்குச் சீனக் கம்பாட்டம் பெரும்பாலும் ஒரு முனையால் குத்துவதும் உதறுவதும். சிலம்பம் இரு முனையையும் சுழற்றுவது. அதற்கு இரு பக்கமும் கனம் ஒத்த கம்பு வேண்டும். தரையில் நிறுத்தினால் நெற்றி மட்டம், இரண்டரை முதல் மூன்று சென்டிமீட்டர் கனம், கணு நெருங்கிய கல்மூங்கில். பச்சையாக வெட்டியதை அப்படியே காயவைத்தால் மாவுச்சத்துக்காக வண்டு துளைக்கும். ஓடும் வாய்க்காலில் சில வாரம் ஊறப்போட்டால் அது கரைந்து போகும். பிறகு நிழலில் உலர்த்த வேண்டும், வெயிலில் போட்டால் விரிசல் விடும். கோணலை நெருப்பில் வாட்டி நிமிர்த்தலாம். படத்தைப் பார்த்த உற்சாகத்தில் கடையில் வாங்கும் ஏணிக்கழியைச் சுற்றினால் மணிக்கட்டுதான் போகும்.

இனி, பக்கத்தின் பாதியை அடைத்திருந்த போதிதர்மர். "நம்ம காஞ்சிபுரத்து ஆள் சொல்லிக்கொடுத்த வித்தையை நமக்கே படம் காட்டுறான்" என்ற கருத்துக்குத்தான் அதிக ஆதரவு போலிருக்கிறது. எங்களுக்கும் கேட்க இனிக்கிறது. ஆனால் ஷாவோலின் மடம் கி.பி. 495 வாக்கில் எழுப்பப்பட்டது பாதுவோ என்ற வேறோர் இந்தியத் துறவிக்காக. போதிதர்மரைத் தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாம் மகன் என்று தான்லின் என்பவர் எழுதிய பழைய சீனக் குறிப்பு உண்டு. 547-ல் எழுதிய யாங் சுவான்சி என்ற சீனர் அவரை மேற்கு நாட்டவர் என்கிறார். இருவரும் சண்டையைப் பற்றிப் பேசவில்லை. அவர் உடற்பயிற்சி கற்றுக்கொடுத்தார் என்பதற்குக் காட்டப்படும் 'யீ ஜின் ஜிங்' நூல் 17-ஆம் நூற்றாண்டுக்கு முந்தியதல்ல. ஆயிரம் ஆண்டு இடைவெளியைப் பெருமையால் நிரப்ப முடியாது. சீனத் தொடர்புக்குப் பெருமைப்பட வேண்டுமென்றால் நம் கரையிலேயே வாய்ப்பு இருக்கிறது: 1267-ல் முடித்ததாகச் சீன எழுத்துப் பொறித்த செங்கல் கோபுரம் ஒன்றைப் பற்றி 14-ஆம் நூற்றாண்டுப் பயணி வாங் தாயுவான் எழுதியிருக்கிறார். அது நாகப்பட்டினத்தில் இருந்தது என்பதே ஆய்வாளர்களின் கருத்து. சிலம்பத்துக்கு ஷாவோலின் சான்றிதழ் தேவையுமில்லை.

பிள்ளைகளுக்குக் காட்டலாமா என்ற கேள்விக்கு: காட்டலாம், கூட உட்கார்ந்து. மணல் மூட்டையைத் தலையால் முட்டும் அறையை மட்டும் யாரும் செய்து பார்க்க வேண்டாம். தோல் தடிப்பதால் மூளை தடிக்காது. உள்ளே அது ஆடத்தான் செய்யும். மூன்று துண்டுக் கோலை வீட்டில் செய்வதும் வேண்டாம். கயிறு கட்டினால் துளை விளிம்பில் உராய்ந்து அறுந்து துண்டு பறக்கும், சங்கிலி போட்டால் ஆணி தளரும், இரண்டுமே சரியாக இருந்தால் மூன்றாவது துண்டு சுற்றியவரின் முழங்கையைத் தேடி வரும். துணி சுற்றிய குறுங்கம்பும் வாத்தியார் ஒருவரும் போதும்.

இந்தப் படம் பிடித்தவர்கள் அடுத்து அதே லாவ் 1984-ல் எடுத்த 'தி எயிட் டயகிராம் போல் ஃபைட்டர்' பார்க்கலாம். ஈட்டியின் முனையை வெட்டிக் கம்பாக்கிக்கொள்ளும் ஒருவனின் கதை. கம்பு பிடித்தவர்களுக்கு அதுவே பெரிது. படப்பிடிப்பின் நடுவே 1983-ல் நடிகர் அலெக்சாண்டர் ஃபு ஷெங் கார் விபத்தில் இறந்துபோனார். கதை பாதியில் திசை மாறுவதாகத் தோன்றினால் காரணம் அதுதான்.

கடைசியாக ஒரு திருத்தம். அந்தப் பக்கத்தில் நாயகனின் படத்துக்குக் கீழே "கையில் நுஞ்சாக்குடன்" என்று அச்சாகியிருந்தது. நுஞ்சாக்குக்கு இரண்டு துண்டு. படத்தில் இருப்பது மூன்று. மூன்றாவது அவருடைய இடது தோளுக்குப் பின்னால் தெரிகிறது.

இப்படிக்கு,
சிலம்பம் கற்பிப்போர் சிலர்,
கும்பகோணம் – மன்னார்குடி வட்டாரம்.